பதினெட்டு முதல் முப்பத்தஞ்சு வரைக்கும்

நோட்டீசு நல்லா அச்சடிச்சிருக்க தம்பி. கலர் கூட தூக்கலா கீது. 'ஷூ கம்பெனிக்குப் பெண்கள் தேவை. வயது 18 முதல் 35 வரை. பஸ் வசதி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு.' ஆம்பூர் பக்கம் மாதனூர்ல ஒட்டியிருக்க, மின்னூர்ல ஒட்டியிருக்க, எங்க ஊரு அரச மரத்துல கூட ஆணி அடிச்சு மாட்டிட்ட. மரத்துக்கு முப்பத்தஞ்சு தாண்டி ரொம்ப நாளாச்சே, பரவால்லியா?

கோச்சுக்காத. உன் கம்பெனி பஸ்ஸு காலையில போவும்போது நானும் பாக்கறேன். முன்னல்லாம் உள்ள நிக்க எடம் இருக்காது, டிபன் பாக்ஸ் டிபன் பாக்ஸோட இடிச்சுனு போவும். இப்ப ஜன்னலோர சீட்டே காலியா வருது. நீ எம்.பி.ஏ. படிச்ச எச்.ஆரு. நான் தோல் ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டி ஓரமா நின்னு கால் வெந்தவன். படிச்சவனுக்கு என்ன மாதிரி ஆளு புத்தி சொல்றது நாட்டு வழக்கம் இல்ல. ஆனா நீயா வந்து மாட்டிகின.

ஆளு எங்க போச்சுன்னு கேக்கற. எங்கயும் போவல நைனா, பொறக்கவே இல்ல. ஜனத்தொகை நிக்கணும்னா ஒரு பொம்பளைக்கு சராசரியா 2.1 கொழந்த வேணுமாம். 2020 சர்க்காரு பதிவுக் கணக்குல நம்ம தமிழ்நாடு 1.4. என் பேத்தி போன்ல பாத்து சொன்னா. 0.4 கொழந்தைக்கு எந்தப் பக்கம் தலைன்னு நான் கேட்டேன், அது மொறைச்சுது. இந்தப் பக்கம் பாத்தா, 2011 சென்சஸ்ல நூத்துக்குப் பத்து பேரு அறுபது தாண்டினவங்க. 2031-ல அது 18 தாண்டிடும்னு மத்திய சர்க்காரே எழுதி வெச்சிருக்கு. நாட்டுல கேரளாதான் மொதல்ல, அடுத்து நாமதான். கேரளாக்காரனாவது வெளிநாட்டுக்குப் போய் சம்பாரிச்சு வந்து ஈசி சேர்ல சாயறான். நாம ஒரு வசதியும் வர்றதுக்கு முன்ன கெழவனாயினு கீறோம்.

இதுக்குத் தலைவருங்க வைத்தியம் சொல்றாங்க. 2024 அக்டோபர்ல சென்னையில கோயில் சார்பா 31 ஜோடிக்குக் கல்யாணம் நடந்துச்சு. அந்த மேடையில முதலமைச்சர் ஸ்டாலின், பதினாறு பெத்தா என்னன்னு கேட்டாரு. ஜனத்தொகைய வெச்சுப் பண்ற தொகுதி மறுசீரமைப்புல நமக்கு எம்.பி. கொறஞ்சிடும்ங்கற ஆத்தாமைல சொன்ன பேச்சு அது. அதே மாசம் ஆந்திராவுல சந்திரபாபு நாயுடுவும் நெறைய பெத்துக்குங்கன்னாரு. தப்பில்ல. ஆனா கணக்கு பாரு. இன்னிக்கே ஆர்டர் போட்டாலும் டெலிவரிக்குப் பத்து மாசம், அது மிஷின்ல ஒக்கார 18 வருசம். உங்க ஷூவ வாங்கற வெளிநாட்டு பையர் அது வரைக்கும் காத்துனு இருப்பானா? ஒரு வாரம் லேட்டானா, உன் செலவுல பிளேன்ல அனுப்புன்னு சொல்றவனாச்சே.

சரி, வடக்கத்தி பசங்கள கூட்டினு வரலாம்ங்கற. வந்துட்டுதான் கீறாங்க. நம்ம பசங்க தோல் ஷாப்பு நாத்தத்துக்குள்ள போவ மாட்டேன்னு எப்பவோ சொல்லிட்டாங்க. அந்த எடத்துல நின்னவங்க யாருன்னு 2015 ஜனவரி 31 விடியறதுக்கு முன்ன ராணிப்பேட்டை சிட்கோவுல தெரிஞ்சுது. கழிவுத் தொட்டி இடிஞ்சு, தூங்கினு இருந்த பத்து பேரு சேத்துல முழுகிச் செத்தாங்க. பெரும்பாலும் மேற்கு வங்காளத்துப் பசங்க. அவங்க வூட்டுல எந்த மொழியில அழுதாங்கன்னு கூட நமக்குத் தெரியாது. இன்னொண்ணு சொல்றேன் கேளு, அந்த மேற்கு வங்காளத்துலயும் 2020 கணக்கு இதே 1.4 தான். அங்கயும் தொட்டில் காலியாயினு கீது. இன்னும் கொஞ்ச நாள்ல அவன் நம்ம ஊருக்கு வந்து ஆள் தேடுவான்.

அப்ப ஆள் இல்லவே இல்லியான்னா, கீது. இந்தத் தெருவுலயே கீது. நீ ஒட்டின நோட்டீசு அவங்களப் பாத்து 'நீ வேணாம்'னு சொல்லுது. அவ்ளோதான் விஷயம்.

ஒங்க கம்பெனி கதைய நீயே மறந்துட்ட. நான் சின்னப் பையனா இருந்தப்போ ஆம்பூர்ல ஷூ ஏது? தோலை அரைப் பதத்துல ஊற வெச்சு, ஒணத்தி, கட்டு கட்டி மெட்ராஸுக்கு அனுப்புவாங்க. சீமைக்காரன் அதுல செருப்பு தெச்சு நூறு மடங்கு வெலைக்கு விப்பான். எழுபதுகள்ல சீதாராமையா கமிட்டின்னு ஒண்ணு உக்காந்து, 1973-லருந்து அந்த அரைப் பதத் தோலு ஏத்துமதிய டெல்லி புடிச்சுக் கட்டுனாங்க. முழுசா பதம் பண்ணி அனுப்பு, பொருளா பண்ணி அனுப்புன்னாங்க. மொதலாளிங்க எல்லாம் 'ஐயோ போச்சு'ன்னு தலையில கைய வெச்சாங்க. அப்பறம்தான் அப்பர்னு ஷூவோட மேல் பாகம், அதுக்கப்பறம் முழு ஷூ. அதுக்கு வெரலு நெளியற ஆளு வேணும்னு, அது வரைக்கும் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்ச பொம்பளைங்கள கூப்ட்டாங்க. 'பொம்பளைய வெச்சு ஃபேக்டரியா'ன்னு சிரிச்சவன் கூட உண்டு. இன்னிக்கு இந்தியா பூரா ஃபேக்டரியில வேல செய்யற பொம்பளைங்க நூறு பேரு இருந்தா, அதுல 43 பேரு தமிழ்நாட்டுக்காரிங்கன்னு 2019-20 கணக்கு சொல்லுது. அவளுங்க வந்ததாலதான் நீ படிச்ச, உங்கப்பன் கார் வாங்குனாரு. அன்னிக்கு வேற வழியில்லாம தொறந்த கதவு. இன்னிக்கும் உனக்கு வேற வழியில்ல, தொறக்கத்தான் மனசு வர்ல.

என் வூட்டுக்காரியே ஒங்க மாதிரி ஒரு கம்பெனியில அப்பர் தெச்சவதான். பேரு வேணாம். கைத்தையல்ல அவ போடற முடிச்சப் பாத்து செக்கிங்ல நிக்கற பசங்க டேபிள் டேபிளா எடுத்துனு போய்க் காட்டுவாங்க. நாப்பத்தி ரெண்டு வயசுல ஊசியில நூல் கோக்க லேட்டாச்சு. ஒரு மணி நேர டார்கெட்ல நாலு ஜோடி கொறஞ்சுது. சூப்பர்வைசர் கத்துனான். அடுத்த வாரமே செட்டில்மென்ட். கண்ணாடின்னு ஒண்ணு கடையில விக்கறான், அத வாங்கிக் குடுக்கலாம்னு அங்க ஒருத்தனுக்கும் தோணல தம்பி. இத்தினி வருசமா அவ வெரல்ல சேந்த வேலைய, ஒரு கண்ணாடி வெலைக்கு வெளிய தள்ளிட்டாங்க.

வெளிய தள்ளினப்பறம் இன்னா ஆச்சுன்னு நெனைக்கற? அதே ஷூவு வூட்டுக்கே வந்துச்சு! ஏஜென்ட் ஒருத்தன் டி.வி.எஸ். பிப்டில மூட்டை கட்டி எடுத்துனு வந்து, 'ஆயா, நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள'ன்னு திண்ணையில கொட்டிட்டுப் போறான். அதே அப்பர், அதே முடிச்சு, அதே வெரல். கேட்டுக்கு உள்ள தெச்சா பி.எஃப். உண்டு, இ.எஸ்.ஐ. உண்டு. திண்ணையில தெச்சா ஜோடிக்குக் காசு, அவ்ளோதான். வெரல்ல ஊசி ஏறினா மஞ்சத்தூளு. 2016-ல நம்ம சுத்துப்பட்டு கிராமத்துல வந்து கேட்டு எழுதின அறிக்கை ஒண்ணு, ஜோடிக்குப் பத்து ரூபாய் கூட தேறலன்னு சொல்லுச்சு. ஜெனிவாவுல கீற உலகத் தொழிலாளர் அமைப்பு 1996-லயே வூட்டுல வேல செய்யறவங்களுக்குன்னு 177-ஆம் நம்பர்ல ஒரு ஒப்பந்தம் போட்டுது. வூட்டுல தெச்சாலும் தொழிலாளிதான்னு ஒத்துக்கற காகிதம். இந்தியா இன்னும் கையெழுத்து போடல. பேனா தேடினு கீறாங்க போல.

ஆக, நாப்பது தாண்டினா வேல செய்ய முடியாதுன்னு நீ சொல்ற. அவ தெச்ச ஷூவத்தான் உன் கண்டெய்னர்ல ஏத்தற. இதுல யாரு யார ஏமாத்தறோம்?

மேனேஜருங்க ஒரு பாட்டு பாடுவாங்க. 'மாசம் ஆயிரம் ரூபா உரிமைத் தொகை குடுத்து பொம்பளைங்கள சோம்பேறி ஆக்கிட்டாங்க, மிச்சம் பேரு நூறு நாள் வேலைக்குப் போயிட்டாங்க.' 2023 செப்டம்பர் 15-லருந்து வர்ற காசு அது. ஆயிரத்த முப்பதால வகுத்துப் பாரு, நாளுக்கு 33 ரூபா. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுல அந்தக் காசுக்கு பிரியாணி கேட்டுப் பாரு, கத்திரிக்கா தால்சாவ மட்டும் மோந்து பாத்துட்டுப் போன்னுவான். 33 ரூபாய்க்குப் படுத்துத் தூங்கற பொம்பளைய நான் பாத்ததில்ல.

நூறு நாள் வேலைக்கு ஏன் கெழவிங்க கூட்டமா போனாங்கன்னு யோசிச்சியா? 2005-ல போட்ட அந்தச் சட்டத்துல 18 வயசுன்னு கீழ் வரம்பு மட்டும்தான் எழுதினான், மேல கோடு கிழிக்கல. வேல எடத்துல குடிக்கத் தண்ணி, ஒதுங்க நெழலு, அஞ்சு சின்னக் கொழந்த இருந்தாலே பாத்துக்க ஒரு பொம்பளைன்னு அட்டவணையிலயே போட்டான். எல்லா எடத்துலயும் நடந்துச்சான்னு கேக்காத, எழுத்துலயாவது இருந்துச்சு. உன் நோட்டீசுல கண்ணு போற எடத்துல இன்னா கீது? 35.

ஜெர்மனியில டிங்கோல்ஃபிங்னு ஒரு ஊராம். பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனி. என் பேத்தி வாசிச்சுக் காட்டின கதைதான் இதுவும். 2007-ல, பத்து வருசம் கழிச்சு நம்ம ஆளுங்களுக்கு எவ்ளோ வயசாவும்னு கணக்குப் போட்டான். சராசரி 47 வரும்னு தெரிஞ்சுது. ஒடனே அவன் நோட்டீசு அடிக்கல. ஒரு லைன்ல அந்த வயசுக்காரங்களா பாத்து நிக்க வெச்சான். 'எங்க வலிக்குது?'ன்னு கேட்டான். அவங்க சொன்னதத்தான் செஞ்சான். சிமெண்டுத் தரையில மரப்பலகை போட்டான், ஒக்கார நாற்காலி குடுத்தான், சின்ன எழுத்துக்குப் பூதக்கண்ணாடி வெச்சான், வேலைய மாத்தி மாத்திக் குடுத்தான். சின்னச் சின்னதா எழுபது மாத்தம். மொத்தச் செலவு 40,000 யூரோ. ஒரே வருசத்துல அந்த லைன் உற்பத்தி நூத்துக்கு 7 ஏறிடுச்சு. சின்னப் பசங்க லைனுக்குச் சமமா வந்து நின்னுச்சு. அந்த ஜெர்மன்காரந்தானே உன் பையரு? ஷூவு சாம்பிள் அனுப்பும்போது, அந்த நாற்காலி சாம்பிள் ஒண்ணு அனுப்புன்னு கேக்கறது.

நாற்காலின்னதும் நெனப்பு வருது. 1948 ஃபேக்டரி சட்டத்துலயே, நின்னுனு வேல செய்யறவனுக்கு நடுநடுவுல ஒக்கார வசதி குடுன்னு எழுதி இருந்துச்சு. ஜவுளிக் கடையில நிக்கற பொண்ணுங்களுக்கு ஒக்கார உரிமைன்னு நம்ம சர்க்காரு 2021-ல சட்டத் திருத்தம் போட்டுது. ஒக்காரறதுக்கே ரெண்டு சட்டம் போட்ட நாடு நம்ம நாடு. ஒக்காந்தவன் எவன்?

இப்ப பி.எஃப்.க்கு வர்றேன். நீ இதுல கொஞ்சம் காது குடு, நோட்டீசுல பெருமையா போட்டிருக்கியே. பென்ஷன் வேணும்னா பத்து வருச சர்வீஸ் வேணும், 58 வயசுல வரும். கணக்கு சுலபம். பென்ஷனுக்கு எடுத்துக்கற சம்பளம் 10,000, சர்வீஸ் 14 வருசம்னு வெச்சுக்க. ரெண்டையும் பெருக்கி 70-ஆல வகுத்தா மாசம் 2,000. பெரிய தொகை இல்ல, மாத்திரைக்கு ஆவும். ஆனா நம்ம பொண்ணுங்க இன்னா பண்ணுதுங்க? பத்தொம்பதுல சேருதுங்க, கல்யாணத்துக்கு வெளிய வருதுங்க, செட்டில்மென்ட். மறுபடி சேருதுங்க, பிரசவத்துக்கு வெளிய வருதுங்க, செட்டில்மென்ட். ஒவ்வொரு தடவையும் பென்ஷன் காசையும் சேத்து வாங்கிடறதால சர்வீஸ் திரும்ப சைபர். இருவது வருசம் தெச்சவ கடைசியில பென்ஷனுக்கு ஒரு வருசம் கூட இல்லாத ஆளா நிக்கறா. காச எடுக்காம 'ஸ்கீம் சர்டிபிகேட்' வாங்கி வெச்சா பழைய சர்வீஸ் அடுத்த கம்பெனியிலயும் சேந்துக்கும். இத எந்த எச்.ஆராவது வெளிய போற பொண்ணு கையப் புடிச்சு சொன்னானா? நீ சொன்னியா? மேல பாக்காத, மின்விசிறி இங்க இல்ல.

ஏன் எடுக்கறாங்கன்னும் கேளு. 2016 ஏப்ரல்ல பெங்களூருல துணி கம்பெனிப் பொண்ணுங்க ஆயிரக்கணக்குல ரோட்டுல எறங்கினது ஞாபகம் கீதா? பி.எஃப். காச முழுசா 58-லதான் தருவோம்னு டெல்லி ஒரு அறிவிப்பு போட்டுது. ரெண்டே நாள்ல வாபஸ் வாங்க வெச்சாளுங்க. படிச்சவங்க எல்லாம் 'எதிர்காலம் தெரியாத ஜனங்க'ன்னு எழுதினாங்க. அவளுங்க கேட்டது ஒரே கேள்விதான்: என்ன 58 வரைக்கும் வேலையில வெச்சுக்குவியா? வெச்சுக்க மாட்ட. அப்ப என் காச மட்டும் ஏன் 58 வரைக்கும் வெச்சுக்கற? இதுக்கு இன்னி வரைக்கும் எந்த மேதாவியும் பதில் சொல்லல.

தமிழ்நாட்டு சர்க்காரு ஆளுக்கு மட்டும் வயசு ஏறிட்டே போவுது. ரிட்டையர் வயசு 58-ஆ இருந்துச்சு, 2020 மே மாசம் 59 ஆச்சு, 2021 பிப்ரவரியில 60 ஆச்சு. ஃபைல் தூக்கற கை அறுபதுலயும் வலுவா கீது, ஊசி புடிக்கற கை நாப்பதுலயே கெழடாயிடுது. டாக்டருங்கதான் சொல்லணும். அதே பி.எஃப். திட்டத்துல கொறஞ்சபட்ச பென்ஷன் ஆயிரம்னு 2014 செப்டம்பர்ல வெச்சாங்க. தக்காளி ஏறுச்சு, எறங்குச்சு, கேஸு ஏறுச்சு, பஸ் ஸ்டாண்டு கூட எடம் மாறுது, அந்த ஆயிரம் அசையல.

தோல் தொழிலாளிக்குன்னு தனி நல வாரியமும் கீது. அதுல பதிஞ்சா அறுபதுல பென்ஷன். அறுபதுக்குள்ள பதியணும். என் கூட தொட்டியில நின்ன ஒருத்தனுக்கு அந்த வாரியம் கீதுன்னு தெரிஞ்சப்போ அவனுக்கு வயசு அறுபத்தி ஒண்ணு. சேதி வர்றதுக்குள்ள வயசு வந்துடுச்சு.

அவன இப்ப வேலைக்கு எடுத்திருக்காங்க தெரியுமா? ஒரு ஷூ கம்பெனியில வாட்ச்மேன். கண்ணு தெரியல, கால் நிக்கலன்னு சொல்லித்தான் டேபிள்லருந்து அனுப்பறீங்க. அதே ஆள ராத்திரி பூரா கேட்டுல நிக்க வெச்சு இருட்டுல திருடனப் பாருங்கறீங்க. பகல்ல ஊசி தெரியாத கண்ணுக்கு ராத்திரி திருடன் தெரிவானா நைனா?

தையல் லைனுக்குப் போயேன். எழுபது எண்பது பொம்பளைங்க குனிஞ்சு கெடப்பாங்க. நடுவுல ஒரே ஒரு மீசை நடந்துனு இருக்கும். அதான் சூப்பர்வைசர். இருவது வருசம் தெச்ச ஒருத்திக்கு, தெக்கறத மேற்பார்வை பாக்கத் தெரியாதா? அவள லைன்ல வேகமா ஓட முடியலன்னா கத்துக்குடுக்கற வேலைக்கு வை. புதுசா வர்ற பொண்ணு அவளண்ட ஒரு மாசம் ஒக்காந்தா, உன் ரிஜெக்ஷன் மூட்டை பாதியாவும். அவ மட்டுமில்ல, போலியோவுல கால் போன பசங்க இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தனி பேரு கீறாங்க. 2016 மாற்றுத்திறனாளி சட்டம் சர்க்காரு வேலையில நூத்துக்கு நாலு ஒதுக்குச்சு. தனியார்ல நூத்துக்கு அஞ்சு பேரு வெச்சா சலுகை குடுக்கணும்னு எழுதுச்சு. தோல் ஓரத்த சீவற ஸ்கைவிங் மிஷினுக்குக் கை வேணும், பெடல் ஒரு பக்கம் மாத்தி வெச்சா போதும். உன் மெக்கானிக்குக்கு ஒரு மத்தியான வேலை.

2023 ஏப்ரல்ல பன்னெண்டு மணி நேர வேலைக்கு சட்டசபையில மசோதா பாஸ் பண்ணாங்க, மே தினத்தன்னிக்கு வாபஸ் வாங்கிட்டாங்க. நல்ல நாள் பாத்துதான் வாங்குனாங்க. நீ அதுக்கு நேர்மாறா ஒண்ணு செஞ்சு பாரு. நாலு மணி நேர ஷிப்ட்டு போடு. காலையில ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி, ஒரே மிஷின். பேரப்புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பிட்டு வர்றவ ஒருத்தி, மாமியாருக்குக் கஞ்சி ஊத்திட்டு வர்றவ ஒருத்தி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. வுட்டுடாத. ஜப்பான்ல 1975-லருந்தே கெழவங்களுக்கு இப்படிப் பகுதி நேர வேல தேடிக் குடுக்கற மையம் வெச்சிருக்கான். 2021-லருந்து எழுபது வயசு வரைக்கும் வேலையில வெச்சுக்க முயற்சி பண்ணுன்னு கம்பெனிங்களுக்கு சட்டமே போட்டான். அவன் கெழவன் ஆனப்பறம் முழிச்சான். நமக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கீது.

ஒண்ணு மறந்துட்டேன். 2025 நவம்பர் 21-லருந்து அமல்னு சொன்னாங்களே புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, அதுல நாப்பது தாண்டின தொழிலாளிக்கு வருசத்துக்கு ஒரு தரம் இலவசமா ஒடம்பு சோதனை பண்ணணும்னு கீது. அந்தச் செலவுக்குப் பயந்து முப்பத்தி ஒம்பதுலயே எல்லாரையும் வூட்டுக்கு அனுப்பிடாத. உன் ஆபீசுல யாராவது இத ஏற்கெனவே யோசிச்சிருப்பான், அவன மொதல்ல கண்டுபுடி.

என் வூட்டுக்காரி உள்ளதான் கீறா, இந்நேரம் எல்லாம் காதுல வுழுந்திருக்கும். கேக்கறதுன்னா நீயே கேளு, நான் சொன்னா வர மாட்டா. மொதல்ல கம்பெனியில கக்கூசு எத்தனன்னு கேப்பா, அப்பறம் போவ சூப்பர்வைசர்கிட்ட பர்மிஷன் கேக்கணுமான்னு கேப்பா. ரெண்டுக்கும் பதில் வெச்சுனு உள்ள போ. பஸ்ஸ ஊருக்குள்ள வரைக்கும் வுடச் சொல்லு, மெயின் ரோடு வரைக்கும் அவ முட்டி வராது. கண்ணாடி கம்பெனி செலவு. அந்த நோட்டீச மரத்துலருந்து எறக்கிட்டுப் போ, ஆணியையும் புடுங்கிடு.

போறப்போ நாயர் கடையில என் கணக்குல ரெண்டு டீயும் ஒரு பொறையும் பாக்கி கீது, குடுத்துடு. பெங்களூருலருந்து கன்சல்டன்ட்ட கூப்ட்டிருந்தா பிளேன் டிக்கெட்டே அதுக்கு மேல ஆயிருக்கும்.